இளநீர் என்றுதான் காதில் விழுந்தது

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை. ஊலு லங்காட் பக்கம், மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையில் நடந்தது இது.

நாங்கள் இருப்பது கிள்ளானில். எங்கள் நாட்டில் கோடை என்று தனியாக ஏது? வருஷம் முழுக்க அதே வெயில்தான். ஆனாலும் சில வாரங்கள் மழை எட்டிக்கூடப் பார்க்காது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். அப்படி ஒரு வாரம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். லீவு கிடைத்தால் தூங்குவதுதான் அவருக்குச் சுற்றுலா. அன்று லோரி பட்டறையில் நின்றுவிட்டது. மகளும் படிப்பதற்காகப் பினாங்கு போயிருந்தாள். "ஒரு நாளாச்சும் மனுஷங்க மாதிரி எங்கயாவது போலாம் லா" என்று நான் பிடித்த பிடியில், "ஆத்துல போய்த் தூங்கினா ஏசமாட்டியே?" என்று கேட்டுக்கொண்டுதான் கார்ச் சாவியை எடுத்தார் மகராசன்.

கோலாலம்பூர் நெரிசலைத் தாண்டியதும் சாலை ஒடுங்கி மலைக்குள் நுழைந்தது. கண்ணாடியை இறக்கினால் டுரியான் பழ வாசனை. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. பேசிக்கொண்டே வந்த நான் எந்த இடத்தில் வாயை மூடினேன் என்று எனக்கே தெரியாது. அதுவே பெரிய அதிசயம் என்பார் அவர்.

பள்ளி நாள் என்பதால் ஆற்றில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கரை மேட்டில் ஒரே ஒரு கடை. அதில் ஒரு மலாய்க்கார அம்மா வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார். அந்த வயதுப் பெண்களை நாங்கள் மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். கடை ஓரத்தில் இளநீர்க் குலைகள், தேங்காய் பறிக்கிற நீளக் கழி ஒன்று.

கொண்டு போன நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டதும் இவர் நடு ஆற்றுக்குப் போனார். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஒரு பாறையில் காலை மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டார். காது இரண்டும் தண்ணீருக்குள்ளே, தொப்பை மட்டும் வெளியே. நான் கரையோரக் கல்லில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தேன். மரக்கிளை வழியாக வெயில் துண்டு துண்டாக இறங்கித் தண்ணீரில் அசைந்தது. சின்ன மீன்கள் வந்து கால் விரலைத் தொட்டுப் பார்த்தன. கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றே தெரியாத ஒரு மயக்கம். வீட்டுக் கடன், மகள் விடுதி, முட்டி வலி எல்லாம் யாரோ ஒருத்தியுடையது போல் தோன்றியது. தாகம் மட்டும் லேசாக இருந்தது. ஓர் இளநீர் குடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மேட்டிலிருந்து மக்சிக்கின் குரல் கேட்டது. "கெலாப்பா ஆயர்! கெலாப்பா ஆயர்!"

கெலாப்பா என்றால் தேங்காய், ஆயர் என்றால் தண்ணீர். அட, மனசில் நினைத்தது அவருக்குக் கேட்டுவிட்டதே என்று பூரித்துப் போனேன். சோம்பலாகத் திரும்பி, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். ரெண்டு வெட்டுங்கள் என்று!

மக்சிக் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு இளநீர் கேட்டதற்கு நம் வீட்டுப் பெண்கள் மாதிரி இப்படியா தலையில் அடித்துக்கொள்வது? அவரோ அடித்துக்கொண்டே கழியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடி வந்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் அந்தச் சொல் சரியாகக் காதில் விழுந்தது. கெலாப்பா இல்லை. கெபாலா. தலை. தலையைத் தொட்டுத் தொட்டு அவர் காட்டியதும் அதைத்தான்.

கெபாலா ஆயர்! மலை உச்சியில் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளத்தின் தலை. இந்த நாட்டில் பிறந்த எனக்கு அது தெரியாதா? எத்தனை முறை செய்தியில் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறேன்!

குனிந்து பார்த்தேன். மீன்களைக் காணோம். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, சருகும் சுள்ளியுமாக வந்தது. "என்னங்க! என்னங்க!" என்று அடித்தொண்டையில் கத்துகிறேன். காது தண்ணீருக்குள் இருக்கிற மனுஷனுக்கு என்ன கேட்கும்? மக்சிக் துணி நனைய ஆற்றுக்குள் இறங்கிக் கழியை நீட்டினார். எட்டவில்லை. என் கையில் அகப்பட்டது சிலிப்பர்தான். முருகா என்று வீசினேன். தொப்பையிலேயே விழுந்தது.

"ஏய், பைத்தியமா உனக்கு?" என்று எழுந்து நின்றவர், தண்ணீர் தொடைக்கு ஏறியிருப்பதை அப்போதுதான் பார்த்தார். இரண்டு எட்டு வைப்பதற்குள் கால் வழுக்கிச் சாய்ந்தார். சாய்ந்த கைக்குக் கழி கிடைத்தது. மக்சிக் இழுக்க, நானும் இறங்கி மக்சிக்கின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுக்க, மூவருமாகக் கரையில் விழுந்தோம். அதற்குள் மேலேயிருந்து லோரி வருகிற மாதிரி ஒரு சத்தம். அவர் கால் மாட்டியிருந்த பாறை எங்கே இருந்தது என்று அடையாளமே தெரியவில்லை.

நான் ஓவென்று அழுதேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு பல் கிட்டித்துப் போய் நடுங்கினார். மக்சிக் எங்கள் இருவர் முதுகையும் தடவிக்கொண்டே, நான் ஏன் இரண்டு விரலைக் காட்டினேன் என்று கேட்டார். சொன்னேன். "யா அல்லா!" என்று மறுபடி தலையில் அடித்துக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்தம்மாவுக்கு நீந்தத் தெரியாதாம், கேட்டேன்" என்றார்.

தாகம் எடுத்தவளுக்குத் தேங்காயாகக் கேட்டது, அதுகூடப் பரவாயில்லை. ஆனால் நீந்தத் தெரியாத ஒருத்தி, யார் பெற்ற பிள்ளைக்காகவோ அந்தத் தண்ணீரில் இறங்கினபோது, தாலி கட்டிக்கொண்ட நான் இன்னும் கல்லில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதை நினைத்தால், இன்றைக்கும் அவர் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டும்போது சட்டென்று எழுந்து ஓடுகிறேன்.