வரைபடத்தில் இருந்த சந்து

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். பயத்தில் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அச்சுப்பிழை பார்க்கிறவள் நான், கண்ணுக்குத் தெரிகிற தப்பைப் பிடிக்கவே பொழுது போதவில்லை, இதில் தெரியாததை எங்கே போய்த் தேடுவது? நீங்களும் இப்போது நம்பாத முகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் எனக்கு வேலை, சாத்தூரிலிருந்து தினமும் பஸ். என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டியவர், நான் அந்த லேபிளில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்தவள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் பார்த்து அனுப்பிய தாளில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனது என்று எந்தப் பார்ட்டியும் லோடைத் திருப்பி அனுப்பியது கிடையாது.

காலண்டர் சீசன் முடிந்து மிஷின்கள் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம், மதுரையிலிருந்து ஒரு புத்தகக் கடைக்காரர் ஆர்டர் கொண்டுவந்தார். மதுரையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரு வழிகாட்டிப் புத்தகம், நடுப்பக்கத்தில் மடித்து வைத்த வரைபடம். அதற்கு முன் வேறு எங்கோ அடித்து வாங்கிய வழிகாட்டியில் கோயில் நடை திறக்கும் நேரமே தப்பு, வந்தவர்கள் கடைக்கே வந்து திட்டிவிட்டுப் போனார்களாம். அதனால் மனிதர் உஷாராக இருந்தார். மாதிரிக்கு இருபது பிரதி ஓட்டிக் காட்டியதும் ஒரு நிபந்தனை போட்டார்.

"மதுரை தெரியாத ஆள் ஒருத்தர் இந்தப் புத்தகத்த மட்டும் வச்சுக்கிட்டு ஊரைச் சுத்திட்டு வரட்டும். உதவுதுன்னு எழுதிக் குடுத்தா மொத்த ஆர்டரும் ஒங்களுக்குத்தான்."

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு மதுரை என்றால் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

"நீ போயிருவியாம்மா? ஆனா ஒண்ணு, நீ நல்லாருக்குன்னு சொல்லி, பெறகு தப்புன்னு லோடு திரும்பி வந்துச்சுன்னா, ஒன் கையெழுத்த இங்கன யாரும் மதிக்க மாட்டாக."

"போறேன் அண்ணாச்சி" என்றேன். சம்பளம் போனால் இன்னொரு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம், கையெழுத்து போனால் எங்கே போய் வாங்குவது?

காலை ரயிலில் போய் இறங்கினேன். யாரிடமும் வழி கேட்பதில்லை என்பது எனக்கு நானே போட்ட சட்டம். ஸ்டேஷன் வாசலில் நின்று புத்தகத்தைத் திறந்தால், வெயிலில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது, நம் தாள் அப்படி. கோயிலின் மேலக் கோபுரத்துக்குச் சொன்ன வழியில் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். செருப்பு விடுகிற இடம் சரி. புது மண்டபத்தில் தையல்காரர்கள் வரிசையாக மிஷின் மிதித்துக்கொண்டிருப்பார்கள் என்று போட்டிருந்தது, அதுவும் சரி. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு படத்துக்குக் கீழே வேறு படத்தின் பெயர், ஒரு லாட்ஜை மூடிப் பல மாதம் ஆகியிருந்தது, இரண்டையும் பென்சிலால் குறித்துக்கொண்டேன். மற்றபடி ஒரு முழு ஊரை நாங்கள் கைக்குள் மடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று, நம்பினால் நம்புங்கள், நடுத்தெருவில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

மூன்று மணி இருக்கும். கடைசியாகப் பார்க்க வேண்டியது நாயக்கர் மஹால். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக் கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தேன். பெரிய வீதியில் சுற்றிப் போகாமல் மஹால் பக்கமாகக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போனது. பெயர் போடவில்லை. தலையைத் தூக்கினால் இரண்டு ஜவுளிக்கடைகளுக்கு நடுவே சந்து இருந்தது, நுழைந்துவிட்டேன்.

இருட்டு, பனி, நாய் ஊளை எதுவும் கிடையாது. நல்ல வெயில். இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், கொடியில் துணி காய்ந்தது, எங்கோ கடுகு தாளிக்கிற வாசனை. கடைத்தெருச் சத்தம் மட்டும் சட்டென்று நின்றுபோயிருந்தது, அதுகூட எனக்கு ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. ஒரு வாசலில் முக்காலி போட்டு ஒருவர் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் கை வேலையை நிறுத்திவிட்டார்.

"இந்தப் பக்கம் எப்படிம்மா வந்தீங்க?"

"புத்தகத்தைப் பாத்து வந்தேங்க" என்று வரைபடத்தைக் காட்டினேன். வாங்கி மடியில் விரித்து, அந்தக் கோட்டின் மேல் எண்ணெய் பட்ட விரலை மெதுவாக நகர்த்தினார்.

"எங்க சந்தையும் போட்டுட்டாய்ங்களா? அப்ப இனிமே ஆளுக வரும்." அவர் முகத்தில் அம்புட்டு சந்தோஷம். எழுந்து முக்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார், வருகிற ஆட்களுக்கு வழி விடுகிற மாதிரி. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் அச்சகத்தில் அடித்ததுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஐம்பது அடி நடந்திருப்பேன், எதிரே மஹால் நின்றது. 'குறுக்குவழி மிக உதவி' என்று ஓரத்தில் எழுதினேன்.

மறுநாள் முதலாளியிடம் ஒவ்வொரு பக்கமாக ஒப்பித்தேன். அச்சுக்கு எடுக்கிற ஃபிலிம் நெகடிவைத் தொட்டுத் திருத்துகிற செல்லையா அண்ணனும் பக்கத்தில் இருந்தார். நான் குறுக்குவழியைக் காட்டியதும் அவர் லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"இது சந்து இல்ல தாயி, கீறல்."

நெகடிவைக் கொண்டுவந்து விளக்குக் கண்ணாடி மேல் வைத்தார். கறுப்புப் பரப்பில் நகம் கிழித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. கீறல் வழியாக வெளிச்சம் போனால் அது அச்சடிக்கிற பிளேட்டில் கோடாக விழும், தாளிலும் அச்சாகும். ஓவியர் வரைந்து கொடுத்த மூலத்தை எடுத்துப் பார்த்தோம். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"நான் நடந்தேன்ணே. அங்க குடை ரிப்பேர் பண்ணவர் கை பட்ட எண்ணெய்க் கறைகூட இருக்கு பாருங்க."

"இந்தக் கம்பெனியில எண்ணெய்க் கறை இல்லாத தாள் எது?" என்றார். முதலாளி சிரித்தார். "வெயில்ல சுத்துனது, தலை கிறுகிறுத்திருக்கும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செல்லையா அண்ணனைக் கையோடு மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதே இரண்டு ஜவுளிக்கடைகள், பெயர்ப்பலகை உட்பட அப்படியே இருந்தன. நடுவில் ஒரே சுவர். கை நுழைய இடமில்லை. சுவரெல்லாம் பழைய போஸ்டர், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டித் தடித்துப்போயிருந்தது. மஹால் பக்கம் போய்ப் பார்த்தோம், அங்கேயும் வழி இல்லை. அண்ணன் என்னைக் கேலி செய்யவில்லை.

திங்கட்கிழமை முதலாளி கேட்டார்: "என்னம்மா, இருக்கட்டுமா, எடுத்துரவா? நீ சொல்றதுதான்."

நான் அச்சுப்பிழை பார்க்கிறவள். மூலத்தில் இல்லாதது அச்சில் இருக்கக் கூடாது. அந்தக் கோட்டைச் சுழித்து 'நீக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செல்லையா அண்ணன் மெல்லிய பிரஷ்ஷால் சிவப்பு மையைத் தொட்டு, கீறலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடைத்தார். புது பிளேட் போட்டு மொத்த ஆர்டரும் ஓடியது. கடைக்காரர் திரும்பத் திரும்ப அச்சுக்குச் சொன்னார். வெளியூர்க்காரர்கள் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு யாரையும் கேட்காமல் நடப்பதை நானே மதுரையில் பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தில் தப்பு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, அந்தப் பெருமை எனக்குச் சாகிற வரை போதும்.

வெயில் மயக்கம் என்றே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சண்டை இல்லை. ஒன்றே ஒன்றுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அந்தச் சந்துக்கு இரண்டு வாய்தான். இரண்டையும் என் கையெழுத்தை வைத்து அடைத்தார்கள். அடைக்கும்போது அந்த மனிதர், இனிமேல் ஆட்கள் வருவார்கள் என்று முக்காலியை ஓரமாகப் போட்டுக்கொண்டு, உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.