ஏர்போர்ட்டிலிருந்து காவலூருக்கு ஆறு பஸ், 222 ரூபாய்

போன பங்குனியில், ஹைதராபாத்தில் ஓர் ஊறுகாய்க் கம்பெனியோடு பேசி முடித்துவிட்டு, காலை 6.10-க்குச் சென்னையில் வந்து இறங்கினேன். மூன்று டன் மலைப்புளி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் புளி இருந்தது ஜவ்வாது மலையில், காவலூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில். மறுநாள் காலை இன்னொரு வியாபாரி லாரியோடு அங்கே போகிறார் என்று தகவல். அன்று மாலைக்குள் நான் போய் விலை பேசி முடிக்காவிட்டால் புளி அவருக்கு, அவமானம் எனக்கு.

டாக்சிக்கு 5,800 ரூபாய் கேட்டார்கள். திரும்பி வரும்போது வண்டி காலியாக வருமாம். அதற்கு நான் ஏன் அழ வேண்டும்? பெட்டியை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன்.

7.05-க்குப் பல்லாவரம் பஸ், மூன்று கிலோமீட்டர், 8 ரூபாய். அங்கிருந்து குன்றத்தூர் வழியாகப் பூந்தமல்லிக்கு 20 ரூபாய். பதினேழு கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. என் பெட்டி படியிலேயே நின்றதால் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரும் அதை ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் போனார்கள். பூந்தமல்லியில் டீக்கடைக்காரரிடம், "வேலூர் பஸ்ஸு இங்க நிக்குமா?" என்றேன். "இங்கதான் நிக்கும் சார். நின்னா" என்றார். இரண்டு பஸ் நிற்காமல் போயின. மூன்றாவதில் 9.10-க்குத் தொற்றினேன். 104 ரூபாய். வாலாஜா வரை நின்றுகொண்டே வந்தேன்.

வேலூர் 11.50. அங்கிருந்து வாணியம்பாடிக்கு 58 ரூபாய், 1.55-க்கு இறங்கினேன். ஆலங்காயத்துக்கு 18 ரூபாய், மணி 2.50. காவலூர் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸும் நிற்கிறது. 3.15-க்குக் கிளம்பும் என்று போர்டு சொல்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

3.40 ஆயிற்று. டிரைவர் சீட்டில் ஆளே இல்லை. கண்டக்டர் படியில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, எடுக்கலியா?" என்று கேட்டேன்.

"காலைல நம்ம வண்டில சந்தைக்கு எறங்குனது முப்பத்தோரு பேரு. நாலு பேரு இன்னும் வர்ல."

"அதுக்காக இத்தினி பேரும் குந்திக்கினு இருக்கணுமா?"

"வுட்டுட்டுப் போனா நைட்டு எங்க படுப்பாங்க? உங்க வூட்லயா?"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டில், மடியில் மளிகைப் பையும் காலடியில் காலிக் கூடையுமாக உட்கார்ந்திருந்த பெண், "எந்தூருண்ணா?" என்று கேட்டாள். "குடியாத்தம்" என்றேன். இருந்த எரிச்சலில் அவள் ஊரை நான் திருப்பிக் கேட்கவில்லை. வியாபாரத்தில் முப்பது வருஷம் இருக்கிறேன், அன்று செய்ததுபோல ஒரு தப்பு செய்ததில்லை.

அந்த நேரம் பார்த்து என் மனைவி அமுதா போன் செய்தாள். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது. "இன்னும் ஆலங்காயத்துலதான் கீறேன்! ஆமா, இன்னிக்கே முடிச்சிட்டுத்தான் வருவேன். முப்பத்தெட்டுனு ஆரம்பிச்சி நாப்பத்தஞ்சு வரைக்கும் போவேன். அதுக்கு மேல கேட்டா எழுந்து வந்துடுவேன்!" போன வாரம்தான் வேறோர் ஊரில் இதே புளியைக் கிலோ 41-க்கு முடித்திருந்தேன்.

4.25-க்கு அந்த நான்கு பேரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆடி அசைந்து வந்தார்கள். வண்டி கிளம்பியது. எனக்கு டிக்கெட் 14 ரூபாய். காவலூரில் இறங்கும்போது மணி 5.05. வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. நின்று பார்க்க நேரமில்லை. நான் போக வேண்டிய ஊர் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. கூடைக்காரப் பெண்ணும் அதே பாதையில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

புளி பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்குச் சொந்தம். போனில் என்னிடம் பேசிய மாது என்ற பெரியவர் புளிக் குவியலைக் காட்டினார். நல்ல சரக்கு. "வெல பேசறது எங்க செல்விதான்" என்று அவர் கை காட்டிய இடத்தில் அவள் நின்றிருந்தாள். கூடையை வைத்துவிட்டு முகம்கூடக் கழுவிவிட்டாள்.

நான் விடவில்லை. "முப்பத்தெட்டு" என்றேன்.

"நாப்பத்தஞ்சுண்ணா."

"அநியாயம்மா. எங்கியும் இந்த வெல கெடையாது."

"பஸ்ல அண்ணிகிட்ட நீங்கதான சொன்னீங்க? அதுக்கு மேல ஒரு ரூபா நாங்க கேக்க மாட்டோம். கேட்டா எழுந்து போய்டுவீங்களே!"

மாது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. 45-க்கே முடித்தேன். லாரிக்காரர் காலையில் வரும்போது நான் 41-ல் நின்று அடம் பிடிக்க முடியாது. கிலோவுக்கு நாலு ரூபாய், மூன்று டன். டாக்சியில் மிச்சம் பிடித்தது எத்தனை, புளியில் விட்டது எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். எனக்கு மனசு வரவில்லை.

கடைசி பஸ் ஆறு மணிக்குக் கீழே இறங்கிவிடும் என்றார்கள். முன்பணம் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் காவலூர் வந்தபோது மணி 6.25. பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஏழு பேர், ஏழு பேரும் என்னை முறைத்தார்கள். "யாருய்யா இவ்ளோ நேரம்?" என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார்.

அதே கண்டக்டர்தான் விசில் ஊதினார். "குடியாத்தம் போற ஆளாச்சே, இங்க எங்க படுப்பீங்க? அதான் நிறுத்தி வெச்சேன். ஏறுங்க, ஏறுங்க." செல்வியிடம் நான் ஊர் சொன்னதையும், இன்றைக்கே வந்துவிடுவேன் என்று போனில் கத்தியதையும் அவரும் கேட்டிருக்கிறார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: தாராளமாகப் போகலாம். சக்கரப் பெட்டி வேண்டாம், தோள் பை போதும். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். வேலூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள், அதற்கப்புறம் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆலங்காயம் வந்துவிட்டால் போர்டில் போட்ட நேரத்தை நம்ப வேண்டாம். சந்தை நாளானால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், வாய்க்கு வந்தபடி கண்டக்டரைத் திட்டாதீர்கள், திரும்பி வரும்போதும் அவர்தான். பக்கத்தில் உட்காருகிறவர் எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள். போன் வந்தால், இறங்கிப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.