கல்யாண வெடி

எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. நாலாம் வகுப்புக்கு நாடகம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த அந்த மாதம் நாற்காலி பக்கமே போகவில்லை. பிள்ளைகள் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "சிரித்தபடி வாங்க வாங்க" என்பார்கள். "ஏலே, அது வாசிக்கதுக்கு இல்ல, செய்யதுக்கு" என்று கத்தியே என் தொண்டை போனது.

நாடகத்தை எழுதியதும் நான்தான். ஒரு கல்யாண வீடு. வெளியே வெடிச்சத்தம் கேட்டதும் பெண்ணின் தாய் சிரித்தபடி, "மாப்பிள்ளை வந்தாச்சு" என்பாள். நான் நாகர்கோவில்காரி. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் சர்ச் திருவிழாவுக்கும்தான் வெடி போடுவார்கள்.

முதல் நாள் வெடிச்சத்தத்துக்காக ஒருவன் பெஞ்சில் ஓங்கி அடித்தான். பாதி வகுப்பு எழுந்து ஜன்னலுக்கு ஓடியது, எந்தப் பட்டாசு கம்பெனியில் புகை என்று பார்க்க. பெஞ்சுதான் என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே திரும்பினார்கள். தாயாக வாசித்தவள் மட்டும் தாளைப் பிடித்தபடி நின்றாள்.

"எந்தப் பக்கம் டீச்சர்?"

அவள் அம்மாவுக்கு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை.

அதன்பிறகு தினமும் அந்த இடத்தில் அவள் வரியை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். ஆண்டுவிழா நெருங்க நெருங்க எனக்கு எரிச்சலாக வந்தது. வெடியை எடுத்துவிட்டு மேளம் வைக்கலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாம் டீச்சர். எங்கம்மா பாக்க வாராக. நாடகத்துல போடுதது அவுக செஞ்ச வெடின்னு சொல்லி வச்சிருக்கேன்."

வெடியை அப்படியே விட்டுவிட்டேன்.

சீசன் நேரம், லீவு கிடைக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆண்டுவிழா அன்று அந்த அம்மா பெர்மிஷன் கேட்டு, வேலைச் சேலையோடே வந்துவிட்டார். விரல்களில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி அப்படியே இருந்தது. முன்வரிசையில் உட்கார வைத்தேன். நான் மேடையோரம் கை பிசைந்துகொண்டு நடந்தேன்.

பெஞ்சில் அடி விழுந்தது. அவள் நேராக அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள். "மாப்பிள்ளை வந்தாச்சு!" கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை வகுப்பில் நாடகத்தை இன்னொரு தடவை வாசிக்கலாம் என்று எல்லோரும் நச்சரித்தார்கள். சரி என்றேன். பெஞ்சில் அடி விழுந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். என்ன ஆச்சு, அன்றைக்கு அவ்வளவு நன்றாகச் சிரித்தாயே என்று கேட்டேன்.

"எங்கம்மா இன்னைக்கு வேலைக்குப் போயிருக்காக டீச்சர்" என்றாள்.