பிண்டரின் தொழுவம்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் கூரையில்லாத நான்கு கல்சுவர்கள் இருந்தன. அடுத்தவர் பயிரில் மேயும் கொண்டி மாடுகளை அடைத்துவைக்கும் பழைய தொழுவம் அது. 1958 மார்ச்சில், பேருந்து திரும்ப இடம் வேண்டுமென்று ஊர் மன்றம் அதை இடிக்கத் தீர்மானித்தது. மன்ற எழுத்தனாக அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான்.

நிலக்கரி வண்டி ஓட்டும் வில்ஃப்ரெட் பிண்டர் அதுவரை தன் குடும்பப் பெயரைப் பற்றி யோசித்ததில்லை. பாதிரியார்தான் சொன்னார்: கொண்டி மாடு பிடித்து அடைப்பவனுக்கு அக்காலத்தில் பிண்டர் என்று பெயர், வேலை போய்விட்டது, பெயர் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊரில் அதிகம் வசவு வாங்கியவனும் அவன்தான் என்றார். வில்ஃப்ரெட் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில், பாட்டன் சொத்தை இடிக்க விடமாட்டேன் என்று எழுந்து நின்றார். தலைவர் லஸ்பி பெரிய பண்ணைக்காரர். அறுவடைக்குள் ஒரு மாட்டையாவது அடைத்துக் காட்டினால் தொழுவத்தை விட்டுவிடுகிறோம் என்று சிரித்தார். ஊர் முழுக்க முள்வேலி. எந்த மாடு தப்பப் போகிறது?

ஜூலையில் லஸ்பியின் பொலிகாளையே தப்பியது. பாதிரியாரின் பட்டாணிப் பாத்தியில் நின்ற அதை, வில்ஃப்ரெட் ஒரு வாளித் தவிட்டைக் காட்டி நடத்திப்போய் அடைத்துவிட்டார். மாட்டுக்காரர் பிண்டருக்கு ஒரு குவளை பீர் கொடுத்து, ஊரறியக் கேட்டால்தான் விடுவது வழக்கம். லஸ்பி மாலைவரை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, பீரோடு வந்தார்.

"கதவைத் திறய்யா, பிண்டர்."

"கேக்குற மாதிரி கேளுங்க."

"திறந்து விடுங்க, பிண்டர். போதுமா?"

தொழுவம் பிழைத்தது. மன்றம் வில்ஃப்ரெட்டைச் சம்பளமில்லாமல் ஊர்ப் பிண்டராக நியமித்தது. அடைபட்டதற்குத் தீனி வைப்பதும் பிண்டர் பொறுப்பு என்ற பழைய விதியைத் தேடியெடுத்தவர் லஸ்பி. அதன்பின் கிழட்டு ஆடு, முட்டும் கிடா, யாருடையதென்று எவரும் சொல்லாத கழுதை எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. கேட்டு வர ஆளில்லை, பீரும் இல்லை. கிடாவை அடைத்ததற்காகப் பக்கத்து வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். அதை ஒரு நாள் வெளியே விட்டதற்காக எதிர்வீட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய கூட்டத்தில் வில்ஃப்ரெட், பேருந்து பாவம், திரும்பவே முடியவில்லை, இடித்துவிடலாமே என்றார். லஸ்பி அவருடைய சேவைக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தை முன்மொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது. இடிக்கும் பேச்சு குறிப்பேட்டில் ஏறவில்லை.

கூட்டம் முடிந்து நானும் வில்ஃப்ரெட்டோடு அவர் வீடுவரை நடந்தேன். வாசலில் அவர் மனைவி ஈடித் வாளியோடு நின்றிருந்தாள்.

"பொறந்த வீட்டுல என் குடும்பப் பேரு நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "போ, கழுதை கத்துது."

வில்ஃப்ரெட் வாளியை வாங்கிக்கொண்டு போனார்.