அவள் நெற்றியில் இரண்டு பட்டம்

ராசி, நட்சத்திரம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செம்பூரில் ஏசி ரிப்பேர் பார்க்கிறேன், கம்ப்ரஸர் ஓடாவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அது சனி பார்வையாக இருக்காது, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

சில வருடம் முன்பு தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் சூரிய கிரகணம் வந்ததே, அன்று நடந்தது. என் மனைவி செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டதால் இந்த முறை அவள் படி இறங்கவே பயப்படுவாள், வெளியே சொல்லாவிட்டாலும் எனக்கும் பயம்தான். தாராவியில் எங்கள் தெருக் கோயில் ஜோசியர் காலையிலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"கிரகணம் ஒன் துலாம் ராசில பிடிக்கி. அவளுக்கு மேஷம், நேருக்கு நேர் ஏழாம் ராசிடே. ஒன்னப் பிடிச்சா அவளுக்கும் தட்டும். ரெண்டு பேரும் நெத்தில பட்டம் கட்டுங்க. இன்னிக்கு சூரியன் பிடிச்சபடியே மறஞ்சிரும், நாளைக்கு முழுச் சூரியனப் பாத்துட்டுதான் அவுக்கணும்."

பட்டம் என்றால் மந்திரம் எழுதின சின்ன ஓலை, மஞ்சள் நூல் கோர்த்தது. செல்வி அழுதாள், சரி தொலைகிறது என்று நெற்றியைக் காட்டினேன், தனக்கும் கட்டிக்கொண்டு எனக்கும் அவளே கட்டிவிட்டாள்.

வேலை முடிந்து செம்பூர் ஸ்டேஷனில் நிற்கிறேன், கட்டடங்களுக்கு மேலே சூரியன் ஓரம் கடித்த மாதிரி தெரிகிறது, பக்கத்தில் நின்ற ஒருத்தன், "க்யா அண்ணா, சிர் ஃபட் கயா க்யா?" என்றான். பிளாட்பாரமே சிரித்தது. மண்டை உடைந்து கட்டுப் போட்டிருக்கிறேனாம்! வந்ததே கோபம், பிய்த்துத் தண்டவாளத்தில் எறிந்தேன். என் கட்டைவிரல் கிரீஸ் அந்த ஓலையில் கறுப்பாகப் பதிந்ததைப் பார்த்தேன், அதன் மேலேயே ரயில் வந்து நின்றதையும் பார்த்தேன்.

ஏறி உட்கார்ந்ததும் 'அவளுக்கும் தட்டும்' என்று ஜோசியர் சொன்னது ஞாபகம் வந்தது. செல்விக்கு போன் போட்டால் எடுக்கவில்லை, திரும்பத் திரும்பப் போடுகிறேன், அடித்துக்கொண்டே இருக்கிறது. சுனாபட்டியில் இறங்கி, ஆட்டோவுக்குக்கூட நிற்காமல், ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன்.

தூக்கக் கலக்கத்தோடு செல்விதான் திறந்தாள். உயிர் வந்தது. அப்புறம்தான் அவள் நெற்றியைப் பார்த்தேன். இரண்டு பட்டம். மேலே கட்டியிருந்த ஓலையில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"இது ஏதுட்டி?"

"என்ன கேக்கிய? கொஞ்சம் முன்னாடி நீங்கதான வந்து, ஒங்களுக்குக் கட்டுனத அவுத்து எனக்குக் கட்டிட்டுப் போனிய. மூஞ்சியக்கூட காட்டாம பின்னால நின்னுக்கிட்டு."

நம்புங்கள், நம்பாமல் போங்கள், என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. ஏழு மாதக்காரியிடம் அது நான் இல்லை என்று எப்படிச் சொல்வது? மறுநாள் முழுச் சூரியனைப் பார்த்த பிறகுதான் அவள் நெற்றியில் கைவைத்தேன், இரண்டையும் மாஹிம் கடலில் போட்டுவிட்டு வந்தேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள், இப்போது தெருவையே ரெண்டாக்குகிறாள். அவளும் துலாம் ராசி. ராகுவும் கேதுவும் துலாம், மேஷம் என்ற இந்த இரண்டு வீட்டுக்கும் திரும்பி வர அந்தக் கிரகணத்திலிருந்து ஒன்பது வருடம் ஆகும் என்கிறார் ஜோசியர். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் எங்கள் தெருவில் முதலில் வாங்குகிறவன் நான்தான், கிரகணப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

செல்வி இன்னும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டில், "இவுக மாதிரி யாரு வருவா? தனக்குக் கட்டுனத எனக்குக் கட்டிட்டு, வயித்துல கைய வச்சு, அடுத்த கிரகணத்துக்கும் வாரேன்னு சொல்லிட்டுல்லா போனாவ" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.