தம்பியின் காதுக்குப் போகும் குரல்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குச் சொடக்கம்மா என்று பெயர். பதிவில் 'டக்' என்று ஒரு சொடக்குச் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையோடு ஓடி வருவாள். புத்தகங்களைக் குரலில் பதிந்து விற்கிற இடம் அது. படிப்பவர்களுக்குப் பேர், முதலாளிக்கு லாபம், கணினிகளைக் கட்டி மேய்க்கிற சொடக்கம்மாவுக்குத் திட்டு என்று நியாயமாகத்தான் பங்கு பிரித்திருந்தார்கள்.

கணினியின் வேகத்தைப் பற்றி யாராவது பீற்றிக்கொண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். வேகம் யாருக்கு வேண்டும்? நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். கணினிக்குள் எந்நேரமும் நூறு வேலைகள் முண்டியடிக்கும். எதை முதலில் விடுவது, எதை நிறுத்திவைப்பது என்று தீர்மானிக்க ஒரு பகுதி உண்டு. அது எல்லா வேலையையும் சமமாகப் பார்த்தால் ஒலி கெட்டது. ஒலி சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது. ஒரு துண்டு நேரம் தவறினாலும் சொடக்கு விழும். அதற்குப் பயந்து துண்டுகளைச் சேர்த்துவைத்து நிதானமாக அனுப்பலாம். சொடக்கு போய்விடும், ஆனால் பேசியது காதுக்கு வரத் தாமதமாகும். மற்றவர்களுக்கு அதனால் குடி முழுகிவிடாது. அவள் தம்பிக்கு முழுகும்.

தம்பி அங்கே கதை படிப்பவன். ஒரு கடுமையான காய்ச்சல் அவன் செவித்திறனில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காமல் ஒன்று கத்துவான், இல்லையென்றால் முணுமுணுப்பான். அக்காள் ஒரு வழி செய்தாள். அவன் குரல் மைக் வழியாகக் கணினிக்குள் போய், அவன் செவிக்கு ஏற்றபடி திருத்தப்பட்டு, ஹெட்போனில் அவனுக்கே திரும்பி வரும். வந்தது, ஆனால் பிந்தி வந்தது. தான் பேசியதே தன்னைத் துரத்திக்கொண்டு வந்தால் யாருக்கும் நாக்குத் தடுமாறும். அவனும் வரிக்கு வரி குழறினான்.

எல்லாம் இந்தத் தாமதத்தால்தான் என்று அவள் முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றாள். தம்பி வீட்டிலும்தான் குழறினான். தன் குரல் கேட்காததால் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். காய்ச்சல் பேச்சையும் தொட்டிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதைப் பற்றி அக்காளும் தம்பியும் வாயே திறப்பதில்லை. முதலாளி வார இறுதிவரை பொறுப்பதாகச் சொன்னார். அன்று வந்து கேட்பார். சரியில்லை என்றால் புத்தகம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். ஒலியை வரிசையில் முதலில்தான் வைத்திருந்தாள். ஆனால் வைஃபையைக் கவனிக்கிற ஒரு சின்ன நிரல், யாரையும் கேட்காமல் அவ்வப்போது குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கி எறிந்தாள். கணினியின் மூளையான செயலியில் ஒரு பகுதியை ஒலிக்கென்றே ஒதுக்கி, வேறெந்த வேலையும் அங்கே தலைகாட்டாதபடி செய்தாள். சேர்த்துவைக்கும் துண்டுகளையும் தைரியமாகக் குறைத்தாள். நாள் முழுக்க ஓடியும் ஒரு துண்டுகூடத் தவறவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசிப் பார்த்தாள். வாயைவிட்டு வந்த கையோடு சொல் காதில் இருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தம்பியைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தாள். முதல் வரி தெளிவாக வந்தது. இரண்டாவது வரியில் குழறினான். நிறுத்தி மறுபடி தொடங்கினான். அதே இடத்தில் குழறினான். அவள் திரையைப் பார்த்தாள். எந்தத் துண்டும் தவறியிருக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு சொடக்குச் சத்தம் கேட்காதா என்று அவள் ஏங்கினாள்.

"சத்தம் சரியாத்தான் வருதுக்கா," என்றான் தம்பி.

தாமதத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்று அவள் ஆரம்பித்தாள். அவன் தலையாட்டி மறுத்தான்.

"முதலாளி வரும்போது பழையபடி வச்சிரு. மெஷினாலதான் முடியலன்னு இருக்கட்டும். நானா விலகிக்கிறேன்."

அவள் மறுக்கவில்லை. இவ்வளவு காலம் துரத்தித் துரத்தி விரட்டிய தாமதத்தைத் தன் கையாலேயே திரும்ப வைத்தாள், முன்பைவிடத் தாராளமாக.

முதலாளி வந்தார், அரைப் பக்கம் கேட்டார், உச்சுக்கொட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவனை ஒன்றும் சொல்லவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருஷமா இங்க என்னத்தக் கிழிச்சீங்க? ஒரு நல்ல குரல உங்க கையாலயே நாசம் பண்ணிட்டீங்களே."

சரிசெய்யத் தெரியவில்லை என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் மேசை மைக்கின் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. உள்ளே இருப்பவனோடு பேசுகிற மைக் அது. அணைக்க மறந்திருந்தாள். முதலாளி சொன்னது அத்தனையும் அவன் செவிக்கு ஏற்றபடி திருத்தமாகப் போயிருக்கும்.

நிமிர்ந்தாள். தம்பியின் உதடுகள் அசைந்தன. குரல் கொஞ்சம் பிந்தி ஒலிபெருக்கியில் வந்தது.

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வாய் வரல."

அத்தனையும் குழறலாக, திக்கித் திக்கித்தான் வந்தது. உள்ளே உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். மேற்கொண்டு அவன் சொல்லப்போவதாவது அவன் காதுக்கு நேரத்துக்குப் போகட்டும் என்று, தாமதத்தை எடுத்துவிட்டாள்.