எதிர்வீட்டுக்காரரின் இரண்டு வாளிகள்

பிரான்சில் வேலை பார்த்து, பென்ஷனோடு பிறந்த ஊரான புதுச்சேரிக்கே திரும்பியவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். லுங்கி கட்டியிருந்தாலும் தலையில் பிரெஞ்சுத் தொப்பி இருக்கும். மக்கும் குப்பையையும் மக்காததையும் இரண்டு வாளிகளில் பிரித்து வாசலில் வைப்பார். குப்பை வண்டியிலோ இரண்டும் ஒன்றாகவே விழும். மறுநாளும் பிரித்தே வைப்பார்.

"ஏன் சார் இந்த வீண் வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் பிரெஞ்சு நேஷனாலிட்டி தம்பி. பொறந்த ஊர்ல எனக்கு ஓட்டு இல்ல. குப்பைய பிரிச்சே அள்ளுங்கன்னு யாருகிட்ட போய் கேக்கறது? இதான் என் ஓட்டுன்னு வச்சிக்க."

அப்போது வண்டி வந்தது. வாளிகளைத் தூக்கிய துப்புரவுப் பணியாளர் அம்மா சற்றுத் தயங்கினார்.

"உங்க வூட்டுக் குப்பைய கலக்க மட்டும் கை வர மாட்டேங்குதுங்கய்யா. வண்டியில தடுப்பு இல்லியே," என்று சொல்லிக்கொண்டே கொட்டினார்.

அவர் தொப்பியைக் கழற்றி, "மெர்சி" என்றார். எதற்கு நன்றி சொன்னார் என்று இன்னும் யோசிக்கிறேன்.